பழவேற்காட்டுச் சாயத்தாழி: சூடும் நொதியும்

பழவேற்காட்டுக் கரையில் ஒரு பருத்தித் துணிக்கு நிறம் ஏற்றுவது வாரக்கணக்கில் நீண்ட வேலை. சிவப்பும் நீலமும் சேர்ந்த பூத்துணி ஒன்று வண்ணார் துறையில் வெளுப்பில் தொடங்கி, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறி, படிகாரக் கோடு வாங்கி, சாயவேரோடு வெந்து, மெழுகு பூசி, நீலத்தாழியில் முங்கி, மறுபடியும் துறைக்கே திரும்பும். இன்றைய வேதியியலில் இதற்குப் பலபடித் தொகுப்பு என்று பெயர்: ஒரு படியின் விளைபொருளே அடுத்த படியின் மூலப்பொருள். இந்தப் படிகளில் முக்கியமான மூன்றை நடத்தித் தந்தவை நொதிகள், அதாவது என்சைம்கள். அவுரி இலைக்குள் ஒன்று, சாயவேருக்குள் ஒன்று, நீலத்தாழியில் பெருகும் நுண்ணுயிர்களுக்குள் மற்றொன்று. அவற்றின் பெயர் சாயக்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பானையை எப்போது சூடாக்கலாம், எந்தச் சூட்டில் வேலை கெட்டுவிடும் என்பது அவர்களுக்கு அத்துபடி. நொதி தாங்கும் சூடுதான் தொழிலின் வரிசையை வகுத்தது.

ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்ட மணல்திட்டு. முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பரப்பைச் சார்ந்து பசியாவரம் முதலிய மீனவர் ஊர்கள் வாழ்கின்றன. எந்த ஊரார் எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடலாம் என்று முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கம் இங்கே இன்றும் பேசப்படுகிறது. மீனையும் இறாலையும் தவிர இந்த ஏரி தந்த இன்னொரு பொருள் கிளிஞ்சல். ஏரியை ஒட்டிய மண்ணில் பழைய கிளிஞ்சல் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கிறது. கடற்கரை ஊர்களில் சுண்ணாம்பு என்றாலே கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான். வெற்றிலைக்கும் சுவருக்கும் போனது போக, நீலத்தாழிக்கும் அது வேண்டியிருந்தது.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துவார்த்தே பார்போசா என்ற போர்த்துகீசியர் பழவேற்காட்டை வளமான துறைமுகமாகக் கண்டு எழுதினார். இங்கிருந்து வண்ணத் துணிகள் மலாக்காவுக்கும் பெகுவுக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதற்கு நூறாண்டு கழித்து டச்சுக்காரர்கள் வந்தார்கள். போர்த்துகீசியர் 1612இல் அவர்களது பண்டகசாலையைத் தாக்கிய பிறகு, 1613இல் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலக் கரை வாணிகம் முழுவதும் இந்தக் கோட்டையிலிருந்தே ஆளப்பட்டது. கம்பெனிக்கு இங்கே என்ன வேலை என்றால், மலுக்குத் தீவுகளின் கிராம்பையும் ஜாதிக்காயையும் வாங்க வெள்ளியைவிடத் துணி நன்றாகச் செலாவணியானது. அதே கப்பல்களில் பஞ்ச காலங்களில் மனிதர்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வாணிகத்தின் கணக்கு முழுமையாகும். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆனாலும் மலாய், இந்தோனேசிய நாடுகளில் கட்டம்போட்ட கைலிக்கு இன்றும் பழவேற்காட்டின் பெயரிலிருந்து வந்த 'காயின் பெலிகாட்' என்ற பெயரே வழங்குகிறது.

அந்தத் துணியின் நீலம் பிறந்தது அவுரிச் செடியின் இலையில். பச்சை இலையில் நீலச் சாயம் இல்லை. இண்டிக்கன் என்ற நிறமற்ற பொருள்தான் இருக்கிறது. அது இண்டாக்சில் என்ற மூலக்கூறும் குளுக்கோஸ் சர்க்கரையும் பிணைந்தது. இலைச் செல்லின் ஒரு பகுதியில் இண்டிக்கனும் வேறொரு பகுதியில் அதை உடைக்கும் பீட்டா குளுக்கோசிடேஸ் நொதியும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. இலையைத் தொட்டியில் அமுக்கி ஊறவைக்கும்போது செல் சிதைந்து இரண்டும் சந்திக்கின்றன. நொதி சர்க்கரையைக் கழற்றிவிட, இண்டாக்சில் நீரில் இறங்குகிறது. பிறகு அந்த நீரை அடித்துக் கடைந்து காற்றூட்டினால் இரண்டிரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் இணைந்து இண்டிகோவாகின்றன. அடியில் தங்கும் நீலச் சேற்றை வடித்து, காய்ச்சி, அழுத்தி, கட்டியாக வெட்டி உலர்த்துவார்கள். சோழமண்டலக் கரையில் ஈர இலையை ஊறவைக்கும் முறையோடு, இலையை முதலில் காயவைத்துச் சேமித்துப் பின்பு ஊறவைக்கும் முறையும் இருந்தது. இரண்டாவது முறை செடி முளைத்த ஊருக்கும் தொட்டி கட்டிய ஊருக்கும் நடுவே தூரம் இருந்தால் கைகொடுத்தது.

தொட்டியில் நடப்பது என்ன என்ற கேள்வி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரிய சர்ச்சையானது. மான்செஸ்டரைச் சேர்ந்த எட்வர்ட் ஷுங்க் 1855இல் இண்டிக்கனுக்குப் பெயரிட்டார். 1887இல் ஆல்வாரெஸ் என்பவர் அது ஒரு பாக்டீரியாவின் வேலை என்று அறிவித்தார். பீகார் அவுரித் தோட்டக்காரர்கள் பணியமர்த்திய சிரில் பெர்க்தைல் 1904இல் அதை மறுத்தார்: இலையிலுள்ள நொதியே போதும், பாக்டீரியா தேவையில்லை. இந்த முடிவுக்குப் பின்னால் இருப்பது சூட்டைப் பற்றிய எளிய உண்மைதான். கொதிநீரில் போட்ட இலை நீலம் தராது. நொதி ஒரு புரதம் என்பதால், முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவதுபோல் அதன் மடிப்புக் குலைந்து செயலிழந்துவிடுகிறது. இண்டிக்கன் அழியாமல் நீரில் கரைந்து நிற்கும். உடைக்க ஆள்தான் இருக்காது. ஆனால் கொதிக்கும் அளவுக்குப் போகாத சூடு வேலையை வேகப்படுத்துகிறது. பொதுவாக வெப்பம் 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். எந்த வெப்பத்தில் வேகத்தின் ஆதாயத்தைப் புரதத்தின் அழிவு தின்றுவிடுகிறதோ, அதுவே அந்த நொதியின் எல்லை.

அந்த எல்லையை ஒட்டி நடந்த ஒரு முறை வெட்பாலை மரத்தினுடையது. தேங்காயெண்ணெயில் ஊறி வெயிலில் ஊதாவாக மாறும் வெட்பாலைத் தைலத்தைத் தமிழ் வீடுகள் நன்கு அறியும். அந்த ஊதாவுக்குப் பின்னால் இருப்பவையும் இண்டிகோவின் உறவுச் சேர்மங்களே. சோழமண்டலக் கரையில் ஆங்கிலக் கம்பெனியின் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க், 1790களில் இந்த மரத்தின் இலையிலிருந்து நீலம் எடுப்பதை விரிவாக ஆராய்ந்தார். அவுரிபோல் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் இது ஒழுங்காக இறங்குவதில்லை. செப்புப் பாத்திரத்தில் நீரோடு இலையை வைத்து, கை பொறுக்காத சூடு வரை, ஆனால் கொதிநிலைக்கு நன்றாகக் கீழேயே நிறுத்தி, சில மணி நேரத்தில் சாறு எடுத்தார்கள். அவுரியை இரவு முழுக்க ஊறவைக்கும்போது தொட்டியில் புளிப்பும் நாற்றமும் கிளம்பும், நுண்ணுயிர்கள் இண்டாக்சிலை வீணாக்கும். வெந்நீர் முறையில் அந்தக் கவலை குறைவு. விறகுச் செலவுதான் தடை. சேலம் பக்கத்தில் 'பாலை நீலம்' என்ற பெயரில் இந்தச் சரக்கு வெகுகாலம் விலைபோனது.

நீலக்கட்டி சாயக்காரரின் வீட்டுக்கு வந்த பிறகுதான் இரண்டாவது நொதிப் படி தொடங்குகிறது. இண்டிகோ நீரில் கரையாது. கரையாத தூள் நூலுக்குள் நுழையாது. அதை லூக்கோ இண்டிகோ என்ற மஞ்சள்பச்சைக் கரைசலாக ஒடுக்க வேண்டும். அதற்கென்று தென்னாட்டுச் சாயக்காரர்கள் மண்தாழியில் அரைத்த நீலத்தோடு சுண்ணாம்பு, உவர்மண்ணிலிருந்து வடித்த காரநீர், வேகவைத்த தகரை விதை ஆகியவற்றைச் சேர்த்து மூடிவைத்தார்கள். தகரை விதைக் கஞ்சி தாழியிலுள்ள பாக்டீரியாக்களுக்கு உணவு. காற்றில்லாத கார நீரில் அவை பெருகி, தம் நொதிகளால் இண்டிகோவை ஒடுக்குகின்றன. தாழியின் மேல் செம்புநிற ஏடு படிந்து, கலக்கினால் உள்ளே மஞ்சள்பச்சை தெரிந்தால் தாழி 'பிடித்துவிட்டது'. துணியை முக்கி வெளியே எடுத்துக் காற்றில் பிடித்தால் பச்சை நீலமாகும். இதைப் பலமுறை செய்தால்தான் ஆழ்ந்த நீலம் கிடைக்கும்.

தாழி ஓர் உயிருள்ள பொருள்; அதற்குக் குளிர் ஆகாது. மார்கழிப் பனியில் அது சோர்ந்துவிடும், சித்திரை வெயிலில் சுறுசுறுப்பாகும். இதற்கு விளக்கம் கிடைத்தது 20ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஐரோப்பாவில். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இடைக்கால ஐரோப்பிய முறையில் கட்டிய ஒரு நீலத்தாழியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து, 1999இல் குளோஸ்ட்ரிடியம் ஐசாட்டிடிஸ் என்று பெயரிட்டார்கள். அது மிதமான வெப்பவிரும்பி. அந்த ஊர்த் தாழிகளைச் சுமார் 50 டிகிரியில் சூடாக வைத்திருந்தார்கள். அந்தச் சூட்டில் பெரும்பாலான கேடு செய்யும் நுண்ணுயிர்கள் ஒதுங்க, வெப்பம் தாங்கும் இந்த ஒன்று தழைத்தது. சோழமண்டலக் கரைத் தாழியில் அதே இனம் இருந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. கார நீரில் வாழும் வேறு பல பாக்டீரியாக்கள் உலகின் பல பகுதி நீலத்தாழிகளில் கண்டறியப்பட்டுள்ளன. சூட்டைக் கொண்டு வேண்டிய உயிரைத் தேர்ந்தெடுப்பது என்ற உத்தி மட்டும் எல்லா ஊருக்கும் பொது. ஐரோப்பாவில் அதற்கு அடுப்பு வேண்டியிருந்தது, இங்கே வெயில் போதும்.

சிவப்பின் கதை இன்னும் நுணுக்கமானது. சாயவேர், தமிழில் இம்பூறல் என்றும் பெயர்பெற்ற சிறு பூண்டு, கடலோர மணலில் வளர்வது. கிளிஞ்சல் கலந்த மண்ணில் வளர்ந்த வேரே மேலானது என்று பெயர். கிருஷ்ணா நதிமுகத்தை அடுத்த பெத்தபல்லி வேரின் புகழை 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கம்பெனியின் வில்லியம் மெத்வோல்ட் எழுதினார். அந்தப் புகழுக்குக் காரணம் உண்டு. சிவப்பைத் தரும் அலிசரின், அலுமினியத்தோடும் கால்சியத்தோடும் சேர்ந்துதான் துணியில் கெட்டியாக நிற்கும். படிகாரம் அலுமினியத்தைக் கொடுத்தது, கிளிஞ்சல் மண்ணும் கடினநீரும் கால்சியத்தைக் கொடுத்தன. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இந்த வேரைத் தோண்டுவதற்கென்றே ஒரு சமூகப் பிரிவினரை டச்சு அரசு பிடித்து வைத்திருந்தது. வேர் அவ்வளவு பணம் பெற்றது.

வேருக்குள் அலிசரினின் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்த ரூபெரித்ரிக் அமிலமாகவே இருக்கிறது. சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அது படிகாரத்தைச் சரியாகப் பற்றாது. ஐரோப்பியச் சாயச்செடியான மஞ்சிட்டி வகையில் இந்தப் பிணைப்பை அறுக்கும் நொதியை 1850களில் கண்டறிந்தவரும் ஷுங்க்தான். அதற்கு எரித்ரோசைம் என்று பெயரிட்டார். வேதியியலாளர்கள் பெர்கினும் ஹம்மலும் 1890களில் சாயவேரை ஆராய்ந்து அதிலும் அலிசரினும் அதன் சர்க்கரைப் பிணைப்பும் இருப்பதைக் காட்டினார்கள். மஞ்சிட்டியில் உள்ள பர்ப்பியூரின் இதில் இல்லாததே சாயவேர்ச் சிவப்பின் தெளிவுக்கு ஒரு காரணம்.

இதை வைத்துப் பார்த்தால் கரையின் வேகவைக்கும் முறை பொருள் பெறுகிறது. துணியையும் வேர்ப்பொடியையும் எடுத்தவுடன் கொதிநீரில் போடுவது வழக்கமில்லை. நீரை மெல்லச் சூடேற்றி, அந்தச் சூட்டில் நீண்ட நேரம் விட்டு, அதற்குப் பின்பே கொதிக்கவைத்தார்கள். மெல்லச் சூடேறும் பொழுதில் வேரின் நொதி சர்க்கரையை உடைத்து அலிசரினை விடுவிக்கிறது. கடைசிக் கொதி நொதியை அழித்து, நிறத்தைப் படிகாரத்தோடு இறுக்குகிறது. ஒரே பானையில், சூட்டை மட்டும் படிப்படியாக ஏற்றி, இரண்டு வினைகள் அடுத்தடுத்து நடந்தன. 1742இல் இயேசு சபைப் பாதிரியார் குர்தூ பிரான்ஸுக்கு எழுதிய நீண்ட கடிதம் இந்தச் செயல்முறைகளை ஐரோப்பியத் துணியச்சு முதலாளிகளின் கண்முன் வைத்தது. கடுக்காயும் எருமைப்பாலும் எதற்கு, ஆட்டுச் சாணத்தில் ஊறவைப்பது எதற்கு என்று அவர் விசாரித்து விசாரித்து எழுதினார். பாலின் புரதமும் கொழுப்பும் படிகாரக் கோடு பரவாமல் காக்கும். சாணம், துணியில் பிடிக்காத படிகாரத்தை அப்புறப்படுத்தித் துணியின் வெள்ளையை மீட்கும். தொழில் ரகசியம் வெளியே போன வழி இது. ஆனால் கடிதத்தைப் படித்து எவராலும் அதே சிவப்பை உடனே எடுக்க முடியவில்லை, ஏனென்றால் சாயக்காரரின் கைச்சூட்டுக் கணக்கு கடிதத்தில் ஏறவில்லை.

ஐரோப்பா பிடித்தது வேறு பாதை. 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் நிலக்கரித் தாரின் அந்த்ரசீனிலிருந்து அலிசரினைச் செய்தார்கள். சில ஆண்டுகளில் மதுரைச் சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் வரையில் ஜெர்மன் அலிசரின் வந்துசேர்ந்தது, சாயவேர் தோண்டுவது நின்றது. நீலம் இன்னும் முப்பதாண்டு தாக்குப்பிடித்தது. அடால்ஃப் பான் பேயர் 1883இல் இண்டிகோவின் அமைப்பை அறிந்தார். ஆயினும் மலிவாகச் செய்ய வழி கிட்டவில்லை. தடையாக நின்றது முதற்படி, நாப்தலீனைத் தாலிக் நீரிலியாக ஆக்குவது. ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் ஆலையில் நடந்த ஒரு சோதனையில் வெப்பமானி உடைந்து பாதரசம் கலத்தில் கலந்துவிட, வினை வேகமெடுத்தது. பாதரச உப்பு வினையூக்கி என்று அப்படித்தான் தெரியவந்தது. 1897இல் அந்த ஆலையின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. புகையும் கந்தக அமிலம், பாதரசம், உருகிய காரம், நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பம்: இலைத்தொட்டி செய்த வேலையை இவ்வளவு சேர்ந்து செய்தன, ஆனால் மலிவாகச் செய்தன. முதல் உலகப்போருக்குள் தென்னாற்காடு, கடப்பைப் பகுதி அவுரி வயல்கள் பெரும்பாலும் வேறு பயிருக்கு மாறின.

நொதிகள் வேதித் தொழிலுக்குத் திரும்ப வந்ததற்குச் சூட்டைத் தாங்கும் நொதிகளே பெரிய காரணம். 1969இல் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றிலிருந்து, 70 டிகிரியில் வளரும் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் பாக்டீரியாவை அறிவித்தார்கள். அதன் டிஎன்ஏ பாலிமரேஸ் நொதி பிற்பாடு பிசிஆர் பரிசோதனையின் அச்சாணி ஆனது. தொகுப்பு வேதியியலாளர்களுக்கு அதில் வேறு ஆதாயங்கள் தெரிந்தன. சூடான நீரில் கரிமப் பொருள்கள் அதிகம் கரையும், வினை விரையும், பிற நுண்ணுயிர்களின் தொல்லை இராது. வெப்பவிரும்பியின் மரபணுவைச் சாதாரண ஈ. கோலை பாக்டீரியாவில் ஏற்றி வளர்த்து, செல்லை உடைத்த சாற்றைச் சூடாக்கினால், ஈ. கோலையின் புரதங்கள் திரிந்து அடியில் படிய, வேண்டிய நொதி மட்டும் கரைசலில் தங்கிவிடும். பலபடி வினையில் ஒரு படி முடிந்ததும் சூடேற்றி அந்த நொதியை அழித்து, அதைவிட உறுதியான மற்றொரு நொதியால் அடுத்த படியை அதே கலத்தில் தொடரலாம். சாயவேர்ப் பானையின் வரிசையை அறிந்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது.

சூடு தாங்கும் நொதி என்றால் வெந்நீரூற்றிலேதான் இருக்கும் என்பதும் இல்லை. அண்டார்டிகா ஏரி ஒன்றின் ஈஸ்டிலிருந்து கிடைத்த ஒரு லைப்பேஸ் நொதி, பிசினில் பொருத்தினால் 60, 70 டிகிரியில், நீரே இல்லாத கரைப்பானில் எஸ்டர்களைச் செய்துதருகிறது. இயற்கையில் கிடைக்காத உறுதியை மாற்றங்கள் செய்தும் வரவழைக்கலாம். நீரிழிவு மாத்திரையான சிட்டாகிளிப்டினைச் செய்ய மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்கள் 2010இல் அறிவித்த நொதியில் 27 அமினோ அமிலங்கள் மாற்றப்பட்டிருந்தன. உயர் அழுத்த ஹைட்ரஜனும் ரோடியமும் வேண்டிய படியை அது நீக்கியது. 2019இல் இஸ்லாட்ராவிர் என்ற எச்ஐவி மருந்தை ஒன்பது நொதிகளின் தொடரால் செய்துகாட்டினார்கள்.

தமிழ்நாட்டு நெசவுத் தொழிலில் இவற்றுள் மிகப் பழகியது ஆல்ஃபா அமைலேஸ். பாவு நூல் அறுந்துவிடாமல் இருக்கப் போட்ட கஞ்சியைச் சாயம் போடும் முன் எடுத்தாக வேண்டும். முன்பு ஊறவைத்துப் புளிக்கவிட்டோ, துறையில் அடித்துத் துவைத்தோ எடுத்தார்கள். பேசில்லஸ் லைக்கனிஃபார்மிஸ் பாக்டீரியாவின் அமைலேஸ் 90 டிகிரியைத் தாண்டியும் வேலை செய்யும் என்பதால், துணி ஓடிக்கொண்டிருக்கும்போதே கொதிக்கும் தொட்டியில் மாவுச்சத்து கரைந்துவிடுகிறது. ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பதனிடும் ஆலைகளில் இது அன்றாடக் காரியம்.

நீலத்துக்கும் நொதி திரும்பியிருக்கிறது, சுற்றுவழியில். 1983இல் நாப்தலீனைச் சிதைக்கும் பாக்டீரியாவின் மரபணுவை ஏற்றிய ஈ. கோலை எதிர்பாராமல் நீலமாக வளர்ந்தது. அந்த முறையில் இண்டிகோ கிடைத்தாலும், அதைத் துணியில் ஏற்ற மறுபடியும் சோடியம் டைதயோனைட் போன்ற ஒடுக்கிகள் வேண்டும். 2018இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள், சீன நீலச் செடியின் நொதியைக் கொண்டு இண்டாக்சிலுடன் குளுக்கோஸைச் சேர்த்து இண்டிக்கனாக நிறுத்தினார்கள். நிலைத்து நிற்கும் இண்டிக்கனை நூலில் தோய்த்து, குளுக்கோசிடேஸால் சர்க்கரையைக் கழற்றினால், நூலுக்குள்ளேயே நீலம் உருவாகும், ஒடுக்கி தேவையில்லை. 2024இல் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு, ஆலைக்கு வேண்டிய செறிவிலும் செயலிழக்காதபடி அதே செடி நொதியைத் திருத்தியது; சர்க்கரையைக் கழற்றுவதை ஒளியாலும் செய்யலாம் என்று காட்டியது. சுற்றுச்சூழல் கேடு வெகுவாகக் குறையும், விலை சற்றே கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஜீன்ஸ் துணியின் போட்டிச் சந்தையில் அந்தச் சிறு கூடுதலை யார் ஏற்பது என்பதில்தான் இப்போது பேச்சு நிற்கிறது. திண்டிவனம் வட்டாரத்திலோ அவுரியை இன்றும் இலையாகவே தொட்டியில் ஊறவைத்து, இயற்கைச் சாயம் கேட்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நீலக்கட்டி அனுப்புகிறார்கள்.